சிலிக்கான் கார்பைடு படிகத்தின் மேற்பரப்பை ஆராய்வது எப்படி: அணு அமைப்பும் வேதியியலும்

சிலிக்கான் கார்பைடு படிகத்தின் உட்புறம் எளிமையானது. ஒவ்வொரு சிலிக்கான் அணுவையும் நான்கு கார்பன் அணுக்களும், ஒவ்வொரு கார்பன் அணுவையும் நான்கு சிலிக்கான் அணுக்களும் சூழ்ந்திருக்கின்றன. பிணைப்பின் நீளம் ஏறக்குறைய 0.189 நானோமீட்டர். மேற்பரப்பு அவ்வாறு எளிதில் பிடிபடுவதில்லை. ஒரே வேஃபரிலிருந்து, அதாவது மெல்லிய படிகத் தகட்டிலிருந்து, வெட்டிய இரண்டு துண்டுகளில் ஒன்றை வெற்றிடத்தில் 950° செல்சியஸ் வரையிலும் மற்றொன்றை 1150° வரையிலும் சூடாக்கினால், முதலாவதன் உச்சியில் தனித்தனிச் சிலிக்கான் அணுக்களும், இரண்டாவதன் உச்சியில் தேன்கூடு போன்ற கார்பன் வலையும் இருக்கும். எனவே சிலிக்கான் கார்பைடின் மேற்பரப்பு இன்னது என்று பொதுவாகச் சொல்ல இயலாது. நாம் எந்த முகத்தை எடுத்தோம், எதனால் கழுவினோம், எவ்வளவு சூட்டில் எந்தச் சூழலில் வைத்தோம் என்பவற்றைப் பொறுத்து அது உருவாகிறது. அணு அமைப்பைக் காட்டும் அளவீட்டையும் வேதியியலைக் காட்டும் அளவீட்டையும் ஒரே துண்டில், இடையில் காற்றுப் படாமல் செய்ய வேண்டும் என்று இந்த வழிகாட்டி திரும்பத் திரும்ப வலியுறுத்துவதற்கு இதுவே காரணம். கீழே குறிப்பிடப்படும் வெப்பநிலைகள் யாவும் செல்சியஸ் அளவில் உள்ளவை.

படிகத்தை முதலில் அடையாளம் காணுதல்

சிலிக்கானும் கார்பனும் சேர்ந்த ஈரடுக்குகள், ஒவ்வொன்றும் சுமார் 0.252 நானோமீட்டர் உயரத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டே இந்தப் படிகம் உருவாகிறது. அடுக்கும் வரிசை மாறும்போது வேறு வேறு பாலிடைப்கள் தோன்றுகின்றன. இருநூறுக்கும் மேற்பட்டவை அறியப்பட்டிருந்தாலும், ஆய்வகத்தில் கைக்கு வருபவை பெரும்பாலும் 4எச், 6எச், 3சி என்னும் மூன்றுதான் (எண் ஒரு சுற்றில் அடங்கும் ஈரடுக்குகளைக் குறிக்கும்; எச் அறுகோண வகை, சி கனசதுர வகை). ஆற்றல் இடைவெளி 3சி வகையில் ஏறக்குறைய 2.4, 6எச் வகையில் 3.0, 4எச் வகையில் 3.26 எலக்ட்ரான்வோல்ட் ஆகும். அறுகோண வகைகளில் தளத்தின் அணிக்கோவை நீளம் 0.308 நானோமீட்டர், செங்குத்து நீளம் 4எச் வகையில் 1.0 நானோமீட்டருக்குச் சற்று மேல், 6எச் வகையில் 1.51 நானோமீட்டர். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னர் அணுவிசை நுண்ணோக்கியில் தெரியும் படிகளின் உயரமும், எஸ்டிஎம் (கூர்நுனிக்கும் மேற்பரப்புக்கும் இடையே பாயும் மின்னோட்டத்தால் அணுக்களைக் காட்டும் நுண்ணோக்கி) படத்தில் தெரியும் புள்ளிகளின் இடைவெளியும் இவற்றைக் கொண்டே சரிபார்க்கப்படும்.

விற்பனையாளர் உறையில் ஒட்டிய சீட்டை நம்புவதற்கு முன் ஒரு ராமன் நிறமாலையை எடுத்துவிட வேண்டும். பச்சை லேசர் போதும், ஐந்து நிமிட வேலைதான். 4எச் வகையில் 776, 964, 204 அலைஎண் (செமீ⁻¹) அருகிலும், 6எச் வகையில் 767, 789 அருகிலும் 150-ஐ ஒட்டியும், 3சி வகையில் 796, 972 அருகிலும் சிகரங்கள் வரும். 204-இல் உள்ள சிறிய சிகரமும் 150-ஐ ஒட்டிய சிறிய சிகரமும் 4எச், 6எச் ஆகிய இரண்டையும் ஐயமின்றிப் பிரித்துவிடும்.

அடுத்தது முகம். அறுகோணப் படிகத்தின் (0001) பக்கம் சிலிக்கான் முகம் எனவும் அதற்கு எதிர்ப்பக்கம் கார்பன் முகம் எனவும் வழங்கப்படுகின்றன. இவ்விரண்டும் ஒரே பொருளின் இரு பக்கங்கள் என்று கருதுவதைவிட இரண்டு வேறு பொருள்கள் என்று கருதுவது பாதுகாப்பானது. ஆக்சைடு வளரும் வேகம், மறுவமைவுகளின் (மேற்பரப்பு அணுக்கள் உட்புறத்திலிருந்து மாறி ஒழுங்காக அமையும் வடிவங்களின்) வரிசை, கிராஃபீன் (ஓரணுத் தடிமனுள்ள கார்பன் வலை) உருவாகும் விதம் யாவும் வேறுபடுகின்றன. முழு வேஃபரில் இரண்டு தட்டை விளிம்புகள் இருந்தால், சிலிக்கான் முகம் மேலே இருக்கும்போது, சிறிய தட்டை விளிம்பு பெரியதிலிருந்து கடிகாரச் சுற்றில் 90 பாகை தள்ளி அமையும். துண்டாக வெட்டிய பிறகு இந்த அடையாளம் போய்விடும். ஒருமுறை நான் பின்புறத்தில் கீறிக் குறிக்காமல் வெட்டிய துண்டுகளில் ஒன்றைத் தலைகீழாக ஏற்றிவிட்டு, எதிர்பார்த்த லீட் வடிவம் (மேற்பரப்பில் சிதறிய எலக்ட்ரான்கள் திரையில் காட்டும் புள்ளிகளின் வடிவம்) ஏன் வரவில்லை என்று பல நாட்கள் வெப்பநிலையைக் குறை கூறிக்கொண்டிருந்தேன். வெட்டுவதற்கு முன்பே வைர முனையால் பின்புறத்தில் குறியிடுவது இத்தகைய இழப்பைத் தவிர்க்கும். குறி இல்லாத துண்டு கையில் இருந்தால், உலர் ஆக்சிஜனில் 1100° அளவில் சில மணி நேரம் வைத்து, இரு பக்க ஆக்சைடின் தடிமனையும் எலிப்சோமீட்டரில் அளக்கலாம். பல மடங்கு தடிமனான பக்கமே கார்பன் முகம்.

சாய்வு வெட்டையும் கேட்டறிய வேண்டும். எபிடாக்சி வளர்ப்புக்கென (படிகத்தின்மேல் அதே ஒழுங்கில் புதிய அடுக்கை வளர்ப்பதற்கென) விற்கப்படும் 4எச் வேஃபர்கள் வழக்கமாக 4 பாகை சாய்த்து வெட்டப்பட்டவை. அந்தச் சாய்வில் 1 நானோமீட்டர் உயரப் படிகளுக்கு இடையே உள்ள தளம் சுமார் 14 நானோமீட்டர் அகலம்தான் இருக்கும். சாய்வு 0.1 பாகைக்குள் இருந்தால், அதே உயரப் படிகளுக்கு அகலம் அரை மைக்ரோமீட்டரைத் தாண்டும். அணு அமைப்பை ஆராய்வதற்குச் சாய்வில்லாத வெட்டையே தேர்ந்தெடுங்கள். நைட்ரஜன் கலந்த, மின்சாரம் கடத்தும் வகையையே எடுங்கள். அரைமின்காப்பு வேஃபர் லீட், எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்-கதிர் ஒளியெலக்ட்ரான் நிறமாலை), எஸ்டிஎம் ஆகிய மூன்றிலும் மின்னேற்றத் தொல்லை தரும், எஸ்டிஎம் பெரும்பாலும் இயலவே இயலாது.

ஈரக் கழுவலும் அதன் ஒரு வியப்பும்

அசிட்டோனிலும் பிறகு ஐசோபுரோபனாலிலும் மீயொலித் தொட்டியில் கழுவியபின், சிலிக்கான் தொழிலில் வெர்னர் கெர்ன் 1960-களில் வகுத்து 1970-இல் வெளியான ஆர்சிஏ முறையையே இங்கும் பின்பற்றலாம். அம்மோனியம் ஹைட்ராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, நீர் ஆகியவற்றின் 1:1:5 கலவையில் 70 முதல் 80° வரையில் பத்து நிமிடம் வைப்பது கரிமப் பொருள்களையும் துகள்களையும் நீக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம், பெராக்சைடு, நீர் ஆகியவற்றின் 1:1:6 கலவை உலோக அயனிகளை நீக்கும். இறுதியில் நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் ஆக்சைடைக் கரைக்க வேண்டும். இந்த அமிலம் தோலின் வழியே வலியின்றி உள்ளிறங்கி எலும்பு வரை பாதிக்கக்கூடியது. உடலின் கால்சியத்தைக் கட்டிப்போட்டு இதயத்தையும் பாதிக்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தொலைவில் இல்லாத இடத்தில் அதன் குப்பியைத் திறக்கக் கூடாது, தனியாளாக வேலை செய்யவும் கூடாது. கண்ணாடிப் பாத்திரத்தில் அதை ஊற்றக் கூடாது என்பதை வேதியியல் படித்தவர்கள் அறிவார்கள். இயற்பியலிலிருந்து வருபவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

சிலிக்கானில் பழகியவர்கள் இந்தக் கட்டத்தில் ஏமாறுவார்கள். சிலிக்கான் துண்டை இந்த அமிலத்திலிருந்து எடுத்தால் அதன் மேற்பரப்பில் ஹைட்ரஜன் முடிவுகள் அமைந்து, நீர் ஒட்டாமல் உருண்டோடும். ஆக்சைடு முழுவதும் போய்விட்டது என்பதற்கு அதையே அடையாளமாகக் கொள்வார்கள். சிலிக்கான் கார்பைடிலோ ஆக்சைடு கரைந்த பின்பும் சிலிக்கான் முகத்தில் ஹைட்ராக்சில் தொகுதிகள் எஞ்சி நிற்பதால், நீர் படர்ந்தே கிடக்கும். நீர் ஒட்டுகிறதே என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. அந்த ஒற்றை அடுக்கு ஆக்சிஜன் வெற்றிடத்தில் சூடாக்கும்போதுதான் நீங்கும்.

ஹைட்ரஜன் எச்சிங்

இயந்திர மெருகேற்றலுக்குப் பின் வரும் வேஃபரைக் கண்ணால் பார்த்தால் ஆடிபோலத் தெரியும். அணுவிசை நுண்ணோக்கியில் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள் தெரியும், கீறலுக்கு அடியில் சிதைந்த படிகமும் இருக்கும். வேதி இயந்திர மெருகு பெற்ற வேஃபர்கள் இதைவிட மிகவும் மேலானவை என்றாலும், ஒழுங்கான படிகளும் தளங்களும் வேண்டுமானால் ஹைட்ரஜன் எச்சிங், அதாவது ஹைட்ரஜனால் மேற்பரப்பை அரித்தெடுத்தல், அவசியமாகிறது. வளிமண்டல அழுத்தத்தை ஒட்டிய தூய ஹைட்ரஜன் ஓட்டத்தில், 1500 முதல் 1600° வரையில், பத்து நிமிடம் அளவில் துண்டை வைக்க வேண்டும். கார்பன் ஹைட்ரோகார்பன்களாகவும், சிலிக்கான் பெரும்பாலும் ஆவியாகவும் வெளியேறும். இரண்டும் ஒரே வேகத்தில் வெளியேறும் வரை மேற்பரப்பு சமநிலையில் அரிக்கப்படும். காற்றில் ஹைட்ரஜன் 4 முதல் 75 விழுக்காடு வரை இருந்தாலே தீப்பற்றும் என்பதால், சூடாக்குவதற்கு முன்னும் குளிர்ந்த பின்னும் உலையை ஆர்கானால் கழுவுவதும், கசிவு உணரியை இயக்கத்தில் வைத்திருப்பதும் தவிர்க்கக் கூடாதவை.

எச்சிங் முடிந்த துண்டை அணுவிசை நுண்ணோக்கியின் தட்டும் முறையில், முதலில் 10 மைக்ரோமீட்டர் சதுரத்திலும் பின் 2 மைக்ரோமீட்டர் சதுரத்திலும் பார்க்க வேண்டும். படிகள் இணையாக ஓட வேண்டும். அவற்றின் உயரம் 0.25 நானோமீட்டரின் முழு மடங்காக இருக்க வேண்டும். நல்ல எச்சிங்கில் 6எச் துண்டில் 0.75 அல்லது 1.5, 4எச் துண்டில் 0.5 அல்லது 1.0 நானோமீட்டர் உயரப் படிகளே அதிகம் காணப்படும், ஏனெனில் அடுக்கு வரிசையின் பாதியோ முழுமையோ சேர்ந்து நகர்கிறது. வட்டக் குழிகளோ தூள் போன்ற மேடுகளோ தெரிந்தால் வெப்பநிலை மிகுந்துவிட்டது அல்லது சிலிக்கான் துளிகள் படிந்துவிட்டன என்று கொள்ளலாம். படியின் உயரத்தைத் தனிக்கோட்டிலிருந்து அளக்காமல், தளங்களைச் சமப்படுத்திய பின் உயரங்களின் பரவல் வரைபடத்திலிருந்து எடுப்பதே சரியான முறை. நுண்ணோக்கியின் செங்குத்து அளவுத்திருத்தம் இந்த உயரங்களில் எளிதாகப் பத்து விழுக்காடு பிழைக்கும்.

இவ்வாறு எச்சிங் செய்து காற்றில் எடுத்த மேற்பரப்பு வெறுமையானதன்று. சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒழுங்கான ஒற்றைச் சிலிக்கேட் அடுக்கு அதன்மேல் அமைந்து, லீட் திரையில் (√3×√3)ஆர்30° வடிவத்தை, அதாவது அலகின் பக்கம் படிகத்தினுடையதைப் போல் √3 மடங்காகி 30 பாகை திரும்பிய வடிவத்தை, காட்டுவதுண்டு. வெற்றிடத்தில் தூய்மையாக்கிய துண்டும் அதே பெயருடைய வடிவத்தையே காட்டும் என்பதால், ஆக்சிஜனின் அளவைப் பாராமல் வடிவத்தை மட்டும் வைத்துத் தூய மேற்பரப்பு கிடைத்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது.

வெற்றிட அறைக்குள்

துண்டை டான்டலம் அல்லது மாலிப்டினம் பிடிகளில் பொருத்தி, அழுத்தம் 10⁻¹⁰ மில்லிபார் அளவுக்கு இறங்கிய அறையில், 500 முதல் 600° வரையில் பல மணி நேரம் வைத்து வாயுவை வெளியேற்ற வேண்டும். சூடேறும்போது அழுத்தம் 10⁻⁹ மில்லிபாரைத் தாண்டாதபடி மெதுவாக ஏற்றுவது நல்லது. பிடிகளில் படிந்திருக்கும் அழுக்கே பெரும்பாலும் துண்டின்மேல் வந்து சேர்கிறது என்பதால், துண்டில்லாமல் பிடியை மட்டும் முன்னதாக ஒருமுறை நன்கு சூடாக்கிவைப்பது வழக்கம்.

உலோகப் பரப்புகளில் பழகியவர்கள் அடுத்து ஆர்கான் அயனி மோதலுக்குக் கையை நீட்டுவார்கள். இங்கு அது வேண்டாம். அயனிகள் படிக ஒழுங்கைக் குலைப்பதோடு சிலிக்கான், கார்பன் விகிதத்தையும் மாற்றிவிடும். குலைந்த அடுக்கை மீண்டும் படிகமாக்கத் தேவைப்படும் சூட்டில் மேற்பரப்பு கிராஃபைட்டாகத் தொடங்கிவிடுவதால், திரும்பும் வழி இல்லாமல் போகும். மாறாக, துண்டை 850° அளவில் வைத்துக்கொண்டு அதன்மேல் சிலிக்கான் ஆவியை மெதுவாகப் பாய்ச்சுவதே இந்தப் படிகத்துக்குரிய தூய்மை முறை. சிலிக்கான் வேஃபர் பட்டையொன்றை மின்னோட்டத்தால் சூடாக்கியே இந்த ஆவியைப் பெறலாம். வரும் சிலிக்கான் மேற்பரப்பின் ஆக்சைடோடு வினைபுரிந்து, எளிதில் ஆவியாகும் சிலிக்கான் மோனாக்சைடாக ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு போய்விடும். சூடாக்கலில் இழக்கப்படும் சிலிக்கானையும் அதுவே ஈடு செய்யும். வெறும் சூட்டினால் ஆக்சிஜனை விரட்ட முயன்றால் 1000° தேவைப்படும், அதற்குள் கார்பன் மிகுந்துவிடும்.

இந்த வேலை முழுவதிலும் மிக மோசமாகப் பொய் சொல்லும் கருவி எது என்று கேட்டால், துண்டின் ஒளிர்வைக் கொண்டு வெப்பநிலையை அளக்கும் பைரோமீட்டர் என்றே சொல்வேன். ஆற்றல் இடைவெளி அகன்ற படிகம் ஆதலால், கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அண்மை அகச்சிவப்பிலும் சிலிக்கான் கார்பைடு ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. பைரோமீட்டர் துண்டைப் பார்ப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, அது பின்னால் சிவந்திருக்கும் சூடாக்கியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கலப்பு மிகுந்த துண்டில் பிழை குறையும். பின்புறத்தில் டான்டலம் படலம் பூசினால் இன்னும் குறையும். ஆனாலும் ஓர் ஆய்வகத்தின் 1050° மற்றோர் ஆய்வகத்தின் 1100° ஆக இருப்பது இத்துறையில் சாதாரணம். ஆதலால் கட்டுரைகளில் காணும் வெப்பநிலைகளை வழிகாட்டும் கம்பமாக மட்டும் கொண்டு, கீழே சொல்லப்படும் மறுவமைவுகள் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறும் கட்டங்களையே உங்கள் அறையின் உண்மையான வெப்பமானியாகக் கொள்ளுங்கள். அவை உங்கள் பைரோமீட்டரில் எந்த எண்ணில் நிகழ்கின்றன என்பதை ஒருமுறை குறித்துவைத்தால், பிறகு வரும் துண்டுகளெல்லாம் எளிதாகிவிடும்.

லீட் திரையைப் படித்தல்

குறையாற்றல் எலக்ட்ரான் விளிம்பு விளைவு, ஆய்வகப் பேச்சில் லீட், மேற்பரப்பின் ஒழுங்கைக் காட்டும் முதல் கருவி. 50 முதல் 200 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடைய எலக்ட்ரான்கள் சில அணு அடுக்குகளுக்கு மேல் உள்ளே செல்லாமல் சிதறித் திரும்பி, திரையில் புள்ளிகளாக விழுகின்றன. சிலிக்கான் முகத்தின் மறுவமைவுகளைச் சூட்டின் வரிசையில் முறையாக எடுத்துக்காட்டியது வான் பொம்மலும் அவருடைய உடன்பணியாளர்களும் 1975-இல் வெளியிட்ட ஆய்வு. இன்றும் அந்த வரிசையே அடிப்படையாக நிற்கிறது.

சிலிக்கான் ஆவியில் 850° அருகே தயாரித்த மேற்பரப்பு (3×3) வடிவத்தைக் காட்டும்: அடிப்படைப் புள்ளிகளை இணைக்கும் கோட்டில், மூன்றில் ஒரு பங்குத் தொலைவுகளில் கூடுதல் புள்ளிகள் தோன்றும். இது சிலிக்கான் மிகுந்த அமைப்பு; படிகத்தின்மேல் ஒரு முழுச் சிலிக்கான் அடுக்கும், அதன்மேல் அலகுக்கு மூன்று அணுக்கள் கொண்ட முக்கோணமும், அதன் உச்சியில் ஓர் அணுவும் என்று ஸ்டார்க்கேயும் உடன்பணியாளர்களும் 1998-இல் இதன் அமைப்பைத் தீர்த்தார்கள். ஆவியை நிறுத்திவிட்டு 950 முதல் 1000° வரை சூடாக்கினால் மிகுதிச் சிலிக்கான் பறந்து, (√3×√3)ஆர்30° வடிவம் வரும். அடிப்படைப் புள்ளிகளுக்கு உட்புறத்தில், 30 பாகை திரும்பிய அறுகோணமாக ஆறு புள்ளிகள் நிற்பதே இதன் அடையாளம். மேற்பரப்பின் மூன்று சிலிக்கான் அணுக்களுக்கு ஒன்று என்ற கணக்கில், மேலே ஒட்டிய சிலிக்கான் அணுக்கள் இங்கு அமைகின்றன.

மேலும் சூடாக்கி 1100-இலிருந்து 1150° வரை சென்றால், அடிப்படைப் புள்ளி ஒவ்வொன்றையும் சுற்றிச் சிறு புள்ளிகள் கொத்தாகத் தோன்றும். இது (6√3×6√3)ஆர்30°. சிலிக்கான் வெளியேறியபின் எஞ்சிய கார்பன், கிராஃபீனின் அமைப்பில் ஒரு வலையாக அமைந்து, ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அணுக்கள் கீழுள்ள சிலிக்கானோடு பிணைந்த நிலையில் இருக்கும் இடையடுக்கு இது. இத்தனை பெரிய அலகு ஏன் என்பது ஒரு சிறு கணக்கில் விளங்கிவிடும்: 0.308 நானோமீட்டரை 6√3-ஆல் பெருக்கினால் 3.2 நானோமீட்டர், கிராஃபீனின் 0.246 நானோமீட்டரை 13-ஆல் பெருக்கினாலும் அதுவே. இரண்டு வலைகளும் அங்கேதான் மீண்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இன்னும் சூடாக்கினால் இந்த இடையடுக்குக்குக் கீழே புதிய இடையடுக்கு பிறந்து, மேலே இருந்தது விடுபட்டு உண்மையான கிராஃபீனாகிறது. ஒரு கிராஃபீன் அடுக்குக்கு வேண்டிய கார்பனைத் தர மூன்று ஈரடுக்குகளுக்குச் சற்று மேல் கரைய வேண்டும். வெற்றிடத்தில் இது தாறுமாறாக நடக்கும். ஆர்கான் வளிமண்டலத்தில் 1650° அளவில் நடத்தினால் சிலிக்கான் வெளியேறுவது தடைபட்டு, அகன்ற ஒழுங்கான கிராஃபீன் கிடைக்கும் என்பது 2009-இல் காட்டப்பட்டது.

கார்பன் முகத்தில் வரிசை வேறு. அங்கு (2×2) வடிவங்கள் இரண்டும் (3×3) வடிவம் ஒன்றும் வருகின்றன. அந்த (3×3) சிலிக்கான் முகத்தின் (3×3) அன்று. பெயர் மட்டுமே பொது. அங்கு 6√3 இடையடுக்கு உருவாவதில்லை, கிராஃபீன் பல திசைகளில் திரும்பி வளர்வதால் புள்ளிகளுக்குப் பதிலாக வில் போன்ற கோடுகள் தெரியும். 3சி வகையின் (001) முகத்தில் (3×2), c(4×2), c(2×2) ஆகிய வடிவங்கள் காணப்படுகின்றன; c என்ற எழுத்து மையம் நிறைந்த அலகைக் குறிக்கும். அவை தனி ஆய்வுக்குரியவை.

புள்ளிகளின் இடத்தோடு அவற்றின் ஒளிர்வையும் கவனியுங்கள். ஒரே அடுக்கு முடிவுடைய மேற்பரப்பு மூன்று மடிச் சமச்சீரையே காட்ட வேண்டும். ஆனால் 6எச் படிகத்தில் மூன்று ஈரடுக்கு உயரப் படியைத் தாண்டினால் அமைப்பு 60 பாகை திரும்பிவிடுவதால், இருவகைத் தளங்களும் சம அளவில் இருக்கும்போது திரையில் ஆறு மடிச் சமச்சீர் தெரியும். இதைப் பார்த்துவிட்டு மேற்பரப்பின் சமச்சீரே ஆறு மடி என்று எழுதுவது பழைய தவறு. ஆற்றலை மாற்றி மாற்றி ஒவ்வொரு புள்ளியின் ஒளிர்வையும் பதிவு செய்தால், அந்த வளைகோடுகளைக் கணிப்போடு ஒப்பிட்டு அணுக்களின் இடத்தையும் தீர்க்கலாம். வடிவம் மட்டும் அலகின் அளவைச் சொல்லுமேயன்றி அதனுள் இருக்கும் அணுக்களைச் சொல்லாது.

எக்ஸ்பிஎஸ்: வேதியியலை எண்ணுதல்

லீட் பார்த்த அதே நிலையில், துண்டை வெற்றிடத்துக்குள்ளேயே நகர்த்தி எக்ஸ்-கதிர் ஒளியெலக்ட்ரான் நிறமாலையை எடுக்க வேண்டும். அலுமினியம் கே-ஆல்ஃபா கதிரின் ஆற்றல் 1486.6 எலக்ட்ரான்வோல்ட். ஒற்றைநிறமாக்கிய மூலமாக இருப்பது மிகவும் நல்லது, ஏனெனில் கார்பனின் வெவ்வேறு நிலைகள் ஒன்றோடொன்று நெருங்கியே வருகின்றன. முதலில் முழு வீச்சு நிறமாலை ஒன்றில் சிலிக்கான், கார்பன், ஆக்சிஜன் தவிர வேறெதுவும் உள்ளதா என்று பார்த்தபின், சிலிக்கான் 2பி, கார்பன் 1எஸ், ஆக்சிஜன் 1எஸ் (அணுக்களின் உள் எலக்ட்ரான் மட்டங்கள்) பகுதிகளை நுணுக்கமாகப் பதிவு செய்ய வேண்டும்.

எதிர்பார்க்க வேண்டிய இடங்கள், எலக்ட்ரான்வோல்ட்டில் பிணைப்பாற்றலாக, இவை. கார்பைடுச் சிலிக்கான் 2பி 100.5-க்கும் 101.5-க்கும் இடையிலும், சிலிக்கான் டைஆக்சைடு 103-க்கும் 104-க்கும் இடையிலும், இவ்விரண்டுக்கும் நடுவே முழுமையாக ஆக்சிஜனேற்றம் பெறாத நிலைகளும் வரும். கார்பைடுக் கார்பன் 1எஸ் 282.5-க்கும் 283.7-க்கும் இடையிலும், கிராஃபீன் 284.5-ஐ ஒட்டியும், இடையடுக்கு 284.8, 285.6 அருகே இரண்டு கூறுகளாகவும், காற்றில் ஒட்டிய கரிமப் பொருள் 285-ஐ ஒட்டியும் இருக்கும். இந்தக் கடைசி மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படிவதைக் கவனியுங்கள். பல பொருள்களில் மின்னேற்றத்தைத் திருத்த, காற்றிலிருந்து ஒட்டிய கரிமத்தின் சிகரத்தை 284.8 என்று நிலைநிறுத்தும் வழக்கம் உண்டு. இங்கு அது அறவே கூடாது. எந்தச் சிகரம் கரிம அழுக்கு, எது கிராஃபீன், எது இடையடுக்கு என்பதே நாம் தேடும் விடையாக இருக்கும்போது, விடையை முன்கூட்டியே நிலைநிறுத்தியதாகிவிடும். தங்கத்தின் 4எஃப் சிகரத்தை 84.0 எலக்ட்ரான்வோல்ட்டில் வைத்துக் கருவியைத் திருத்திக்கொண்டு, கடத்தும் துண்டை நன்கு நிலத்தோடு இணைத்தால் போதும்.

மேலே கார்பைடுக் கார்பனுக்கு ஓர் எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் மேற்பட்ட வீச்சைக் கொடுத்திருப்பது பிழையன்று. அரைக்கடத்தியின் மேற்பரப்பில் ஆற்றல் பட்டைகள் வளைவதால், சிலிக்கான் சிகரமும் கார்பன் சிகரமும் சேர்ந்தே நகரும். 6√3 இடையடுக்கின் கீழே ஹைட்ரஜனைப் புகுத்தி அதைக் கிராஃபீனாக விடுவித்தால், கார்பைடுக் கூறு ஏறக்குறைய 1 எலக்ட்ரான்வோல்ட் கீழிறங்குகிறது. அதற்காகக் கார்பைடின் வேதிநிலை மாறிவிட்டது என்று பொருளன்று. ஆகவே தனிச் சிகரத்தின் இடத்தைவிட, கார்பைடுக் கார்பனுக்கும் கார்பைடுச் சிலிக்கானுக்கும் உள்ள இடைவெளியை, அதாவது சுமார் 182 எலக்ட்ரான்வோல்ட்டை, முதலில் சரிபாருங்கள். இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் அது பட்டை வளைவு அல்லது மின்னேற்றம். ஒன்று மட்டும் நகர்ந்தால்தான் வேதி மாற்றம்.

சிகரங்களைக் கூறுபடுத்தும்போது சிலிக்கான் 2பி ஒவ்வொரு கூறுக்கும் 0.6 எலக்ட்ரான்வோல்ட் இடைவெளியில் 2:1 பரப்பு விகிதமுள்ள இரட்டையை வைக்க வேண்டும். கூறுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் எந்த வளைகோட்டையும் பொருத்திவிடலாம். லீட் வடிவம் அனுமதிக்கும் கூறுகளை மட்டும் வைப்பதே ஒழுங்கு. (√3×√3) வடிவம் மட்டும் தெரியும் துண்டில் இடையடுக்கின் கூறுகள் தேவைப்பட்டால், துண்டின் ஒரு பகுதி அடுத்த கட்டத்துக்குத் தாண்டிவிட்டது என்றோ, அழுக்கு ஒட்டியிருக்கிறது என்றோ கொண்டு, வேறிடத்தில் மீண்டும் லீட் பாருங்கள்.

அளவு கணக்கிட, பரப்பை உணர்திறன் காரணியால் வகுக்க வேண்டும். ஸ்கோஃபீல்டின் அட்டவணையில், அலுமினியக் கதிருக்கு, கார்பன் 1எஸ் 1.00, சிலிக்கான் 2பி 0.817, ஆக்சிஜன் 1எஸ் 2.93. எடுத்துக்காட்டாக, சிலிக்கான் பரப்பு 8170 ஆகவும், கார்பைடுக் கார்பன் கூறின் பரப்பு 10,000 ஆகவும் இருந்தால் விகிதம் சரியாக ஒன்றுக்கு ஒன்று. கிராஃபீனும் அழுக்கும் சேர்ந்த மொத்தக் கார்பன் பரப்பை இந்தக் கணக்கில் போட்டுவிட்டு, படிகமே கார்பன் மிகுந்தது என்று முடிவு கட்டுவோர் உண்டு. தவிர, மேலே படலம் இருந்தால் குறைந்த இயக்க ஆற்றலுடைய எலக்ட்ரான்கள் சற்றே அதிகமாகத் தடுக்கப்படும் என்பதால், கருவியின் பரிமாற்றச் சார்பையும் சேர்த்து, நன்கறிந்த ஒரு துண்டில் முதலில் சோதித்துக்கொள்வது நல்லது.

எக்ஸ்பிஎஸ் மேற்பரப்பைக் காட்டும் கருவி என்று சொல்லப்பட்டாலும், எவ்வளவு காட்டுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் பணிவு வரும். 1200 முதல் 1400 எலக்ட்ரான்வோல்ட் இயக்க ஆற்றலுடைய எலக்ட்ரான் ஆற்றல் இழக்காமல் கடக்கும் சராசரித் தொலைவு இரண்டு முதல் மூன்று நானோமீட்டர். செங்குத்தாகப் பார்க்கும்போது உச்சி ஈரடுக்கிலிருந்து வருவது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான். (√3×√3) அமைப்பில் ஒட்டிய அணுக்கள் அதிலும் மூன்றில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு மூன்று. துண்டை 60 பாகை சாய்த்தால் ஆழம் பாதியாகி இந்தப் பங்கு இருமடங்காகும். ஒவ்வொரு நிலையிலும் செங்குத்து, சாய்வு என இரண்டு கோணங்களில் எடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: சாய்வில் வளரும் கூறு மேலே இருக்கிறது, தேயும் கூறு கீழே இருக்கிறது. ஒளியின் ஆற்றலைத் தேர்ந்துகொள்ளக்கூடிய மூலமான சிங்க்ரோட்ரானில் இயக்க ஆற்றல் 50 எலக்ட்ரான்வோல்ட் அருகே அமையும்படி ஒளியைத் தேர்ந்தால் உச்சி ஈரடுக்கின் பங்கு மூன்றில் ஒன்றையும் தாண்டும். மேற்பரப்பு அணுக்களின் தனிக்கூறுகளை நம்பிக்கையோடு பிரிக்க அதுவே வழி.

ஆகர் நிறமாலை (எலக்ட்ரான் கற்றை மோதும்போது அணுக்கள் வெளிவிடும் எலக்ட்ரான்களின் ஆற்றலைப் பதிவது) மட்டும் கையில் இருந்தாலும் வேலை நடக்கும். சிலிக்கானின் சிகரம் 90 எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டியும், கார்பனின் சிகரம் 272-ஐ ஒட்டியும் வரும். கார்பன் சிகரத்தின் குறைந்த ஆற்றல் பக்கத்தில் கார்பைடுக்கு இரண்டு சிறு அலைகள் தெளிவாகத் தெரியும். கிராஃபைட் ஆனால் அவை மழுங்கிவிடும். எலக்ட்ரான் கற்றையே மேற்பரப்பை மாற்றக்கூடியது என்பதால் லீட், எக்ஸ்பிஎஸ் முடிந்த பின்பே இதை எடுங்கள்.

எஸ்டிஎம்மில் அணுக்களைப் பார்த்தல்

லீட் துண்டின் பரந்த பகுதியின் சராசரியைத் தருகிறது. அந்தச் சராசரிக்குள் என்ன மறைந்திருக்கிறது என்பதை எஸ்டிஎம் காட்டும். (3×3) மேற்பரப்பில் அலகுக்கு ஒரு மேடு, 0.92 நானோமீட்டர் இடைவெளியில். (√3×√3) மேற்பரப்பில் அலகுக்கு ஒரு மேடு, 0.53 நானோமீட்டர் இடைவெளியில். படத்தின் அளவுத்திருத்தத்தை இவற்றைக் கொண்டே செய்யலாம். (√3×√3) அமைப்பில் ஒவ்வோர் ஒட்டணுவிலும் பாதி நிறைந்த தொங்கு பிணைப்பு (இணையணு இல்லாத பிணைப்பு) ஒன்று உள்ளது. எளிய பட்டைக் கணக்கின்படி மேற்பரப்பு உலோகமாக இருக்க வேண்டும், ஆனால் எலக்ட்ரான்களின் பரஸ்பர விலக்கத்தால் ஆற்றல் இடைவெளி திறந்து மின்கடத்தாததாக இருக்கிறது. செயல்முறையில் இதன் விளைவு நேரடியானது: உலோகப் பரப்பில் போல சில மில்லிவோல்ட்டில் நுனியை அணுகினால் மின்னோட்டம் வராமலே நுனி துண்டில் மோதும். 2 முதல் 3 வோல்ட் வரை, சில பத்து பிக்கோஆம்பியர் என்று தொடங்குங்கள். நேர், எதிர் இரு மின்னழுத்தங்களிலும் படமெடுங்கள். மேடாகத் தெரிவது அணுவின் உயரமா, எலக்ட்ரான் நிலையா என்பது அப்போதுதான் தெரியும்.

6√3 பரப்பில் இன்னொரு வேடிக்கை உண்டு. எஸ்டிஎம் பெரும்பாலும் (6×6) என்று தோன்றும் தேன்கூட்டையே காட்டும், லீட் 6√3 என்று சொல்லும். முரண்பாடன்று, நீண்ட அலைவு எஸ்டிஎம்முக்கு எடுப்பாகத் தெரிகிறது, நுண்ணிய வேறுபாடு லீட்டுக்குத் தெரிகிறது. கிராஃபீன் அமைந்த இடத்தில் மின்னழுத்தத்தைச் சில பத்து மில்லிவோல்ட்டுக்கு இறக்கினால், கீழுள்ள அமைப்பு மங்கி, கார்பன் தேன்கூடு தெளியும்.

ஒரே துண்டை மீண்டும் பயன்படுத்துதல்

அளவீடு முடிந்து கிராஃபீன் மூடிய துண்டைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. ஹைட்ரஜன் எச்சிங்கில் அந்தக் கார்பன் அடுக்குகளும் அவற்றின் கீழே சில நூறு நானோமீட்டர் படிகமும் போய்ப் புதிய படிகள் கிடைக்கும். டான்டலம் பிடி தொட்டிருந்த விளிம்பில் மட்டும் உலோகம் படிகத்தோடு வினைபுரிந்து தங்கியிருக்கும். அந்த ஓரத்தை வெட்டி நீக்காமல் மறுபடி எச்சிங் உலையில் வைத்தால், உலோகம் துண்டு முழுவதும் பரவி, அடுத்த முழு வீச்சு நிறமாலையில் வந்து நிற்கும். நீக்கிய பின் மீண்டும் பின்புறக் குறியைக் கீறி, ஆர்சிஏ கழுவலிலிருந்து தொடங்குங்கள்.